எல்லாக் கேள்விக்கும் ‘ஆமாம்’ என்கிறான் என் மகன்

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. ஏழு வயதில் ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும் (கவனக்குறைவு, மிகை இயக்கம்) இருப்பதாகச் சொன்னார்கள். நன்றாகப் பேசுவான் என்பதால் பார்ப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. கொரோனா காலத்தில் தெரபி நின்றது, ஒன்பதாம் வகுப்போடு பள்ளியும் நின்றது. போன மாதம் தெருவில் பழக்கமான இரண்டு பேர், இருவருக்கும் இருபது வயதுக்கு மேல், ஒரு பைக்கைத் தள்ளிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் ஓடிவிட்டார்கள், இவன் பைக்கைப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறான். ஸ்டேஷனில் எதைக் கேட்டாலும் ‘ஆமாம் சார்’ என்றிருக்கிறான். ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கினார்களாம். பயந்தால் அவனுக்குச் சிரிப்பு வரும், அதற்கு அடி விழுந்ததாகச் சொல்கிறான். இரண்டு இரவு கூர்நோக்கு இல்லத்தில் (வழக்கில் உள்ள சிறாரைத் தங்கவைக்கும் இடம்) இருந்துவிட்டு ஜாமீனில் வந்திருக்கிறான். மூன்று வாரத்தில் அடுத்த விசாரணை. நன்னடத்தை அலுவலர் வீட்டு நிலையை விசாரித்து அறிக்கை எழுத வருவார் என்றார்கள். ‘ஆட்டிசம்னு வாயைத் திறந்தா பைத்தியம்னு எழுதிக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பிடுவாங்க, பேசாம இரு’ என்கிறார் என் கணவர். சொல்லலாமா, கூடாதா? குற்றத்தை ஒப்புக்கொண்டால் அன்றைக்கே முடிந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்களே, அது சரியா? அவனை என் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைச் சுருக்கி, அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். வழக்கில் உள்ள சிறாரின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 74ஆவது பிரிவு சொல்கிறது. இது உங்களுக்கும் உதவும். தெரு வாட்ஸ்அப் குழுவில் யாராவது அவன் போட்டோவைப் போட்டிருந்தால் அது குற்றம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வழக்கறிஞரிடம் கொடுத்துவிடுங்கள்.

முதல் கேள்விக்கு நேராக வருகிறேன். சொல்லுங்கள். எழுத்தில் சொல்லுங்கள், விசாரணை நாளுக்கு முன்பே சொல்லுங்கள்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், நீங்கள் பேசாமல் இருந்தாலும் அவனைப் பற்றி யாரோ ஏதோ எழுதத்தான் போகிறார்கள். ஸ்டேஷனில் அவன் சிரித்ததை ‘திமிர்’ என்று ஒருவர் எடுத்துக்கொண்டதால்தான் அடி விழுந்தது. கண்ணைப் பார்த்துப் பேசாததை ‘எதையோ மறைக்கிறான்’ என்பார்கள். காதைப் பொத்திக்கொண்டால் ‘மரியாதை இல்லை’. சொன்ன தேதியை மறந்தால் ‘அடங்காதவன்’. உளவியலாளராகக் கூர்நோக்கு இல்லத்துப் பிள்ளைகளோடு வேலை செய்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், கோப்பில் முதலில் ஏறிய வார்த்தை லேசில் இறங்குவதில்லை. அடுத்து வருகிற ஒவ்வொருவரும் அந்த வார்த்தையைப் படித்துவிட்டுத்தான் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறார்கள். உங்கள் மகனைப் பற்றிய சரியான விளக்கம் அந்தக் கோப்பில் சீக்கிரம் இடம்பிடிக்க வேண்டும்.

‘ஆமாம் சார்’ விஷயத்தை இன்னும் கொஞ்சம் பார்ப்போம். வழக்கே அதில்தான் நிற்கிறது. வீட்டில் அவன் நிம்மதியாக இருக்கும் நேரத்தில், வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். “மத்தியானம் தயிர் சாதம் சாப்பிட்டியா, சாப்பிடலையா?” ‘சாப்பிடலை’ என்று சொல்லக்கூடும். அரை மணி நேரம் கழித்து மாற்றிக் கேளுங்கள். “சாப்பிடலையா, சாப்பிட்டியா?” இப்போது ‘சாப்பிட்டேன்’ என்றால், அவன் கடைசியாகக் காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்கிறான் என்று பொருள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலரிடம், பேச்சு நன்றாக வருகிறவர்களிடமும்கூட, பதற்றத்தில் இது தலைகாட்டும். இப்போது இதே பிள்ளையை நான்கு பேர் சுற்றி நின்று, “எடுக்கலையா, எடுத்தியாடா?” என்று கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘எடுத்தேன்’ என்பான். கேள்வி வேறு வரிசையில் வந்திருந்தால் ‘எடுக்கலை’ என்றிருப்பான். இரண்டுமே வாக்குமூலம் ஆகாது. போதாக்குறைக்கு, பெரியவர்கள் கேட்டால் எதிர்த்துப் பேசாமல் ‘சரிங்க’ சொல்ல வேண்டும் என்றுதான் நாம் எல்லாப் பிள்ளைகளையும் வளர்க்கிறோம். அதை விதியாகவே மனதில் எழுதிக்கொண்ட பிள்ளை இவன்.

வீட்டில் இப்படி இரண்டு மூன்று முறை நடந்தால் தேதி போட்டு, நீங்கள் கேட்டதையும் அவன் சொன்னதையும் அப்படியே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதை மறுபடி மறுபடி சோதித்து அவனைக் களைப்பாக்க வேண்டாம். உளவியலாளர் முறையாகப் பார்க்கும்போது உங்கள் குறிப்பு உதவும்.

இனி, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குக் கொடுக்க வேண்டிய கடிதம். ஒரே பக்கம் போதும். ‘என் மகனுக்கு ஆட்டிசம், தயவுசெய்து மன்னிக்கவும்’ என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயன் இல்லை, அந்தப் பெயரைக் கேட்டு ஒவ்வொருவர் மனதில் ஒவ்வொன்று தோன்றும். அவன் எப்படி நடந்துகொள்வான், அவனிடம் எப்படிக் கேட்டால் பதில் வரும் என்று எழுதுங்கள். வழக்கமான மனு போலவே அனுப்புநர், பெறுநர், பொருள் போட்டுவிட்டு, இப்படிப் போகலாம்:

“என் மகனுக்கு ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும் உள்ளன. சான்றின் நகலை இணைத்துள்ளேன். அவனுக்குக் கேள்வி புரியாவிட்டாலும் ‘ஆமாம்’ என்பான். இரண்டில் எது என்று கேட்டால் கடைசியாகக் கேட்டதைத் திருப்பிச் சொல்வான். பயந்தால் சிரிப்பான், அது கேலி இல்லை. கண்ணைப் பார்த்துப் பேச வராது. சத்தம் அதிகமானால் காதைப் பொத்திக்கொள்வான். சின்ன வாக்கியமாக, ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேட்டு, சற்றுப் பொறுத்தால் பதில் சொல்வான். எழுதிக் காட்டினால் இன்னும் நன்றாகப் புரிந்துகொள்வான். அவனிடம் பேசும்போது சிறப்பாசிரியர் ஒருவர் உடனிருக்கவும், மருத்துவ உளவியலாளரின் மதிப்பீட்டுக்கு உத்தரவிடவும் வேண்டுகிறேன்.”

இதில் உங்கள் மகனுக்குப் பொருந்தாததை எடுத்துவிடுங்கள், விட்டுப்போனதைச் சேருங்கள். மூன்று நகல்: ஒன்று குழுமத்துக்கு, ஒன்று நன்னடத்தை அலுவலருக்கு, ஒன்று வழக்கறிஞருக்கு. உங்களிடம் இருக்கும் நகலில் முத்திரையோ கையெழுத்தோ வாங்கிக்கொள்ளுங்கள்.

சிறப்பாசிரியரை, அதாவது மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியரை, கேட்பது அதிகப்பிரசங்கித்தனமாக இருக்குமோ என்று தயங்க வேண்டாம். இளைஞர் நீதிச் சட்டத்துக்காக 2016ஆம் ஆண்டு வந்த மாதிரி விதிகள், பிள்ளையைப் பிடித்த போலீஸே மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்பாசிரியரின் உதவியை ஏற்பாடு செய்ய வேண்டும் என்கின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அந்தச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, அவர்கள் விரும்பும் தொடர்பு முறையில் சாட்சியமும் கருத்தும் பதிவாக வசதி செய்து தர வேண்டும் என்கிறது. எழுதிக் காட்டிக் கேளுங்கள் என்று நீங்கள் கேட்பது இதில் அடங்கும். ஏ.டி.எச்.டி. அந்த 21-இல் தனியாக இல்லை, அதனால் கடிதத்தில் ஆட்டிசத்தை முதலில் எழுதுங்கள்.

உங்கள் கணவரின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மனநல மருத்துவமனை இருப்பதால் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே வசவாக வைத்திருக்கும் ஊர் இது. அவர் பிள்ளையைக் காப்பாற்றத்தான் பேசாமல் இரு என்கிறார். அவரிடம் இதைச் சொல்லுங்கள்: ஆட்டிசம் மனநோய் இல்லை, சட்டமும் அதை மனநோயாக வைக்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன. இளைஞர் நீதிச் சட்டத்தின் 93ஆவது பிரிவின்படி மனநல மையத்துக்கு அனுப்புவது மனநோய் உள்ள, அல்லது போதைக்கு அடிமையான பிள்ளைகளைப் பற்றியது. ஆட்டிசச் சான்றைக் காட்டியதற்காக ஒரு பிள்ளையை அங்கே அனுப்ப அந்தப் பிரிவில் இடமில்லை.

ஆனால் வேறொரு ஆபத்து உண்டு, அதை மறைக்க மாட்டேன். ‘வீட்டில் பார்த்துக்கொள்ள முடியாது போலிருக்கிறது, இல்லத்தில் இருந்தால் அவனுக்கே நல்லது’ என்ற எண்ணம் அதிகாரிகளுக்கு வரலாம். கெட்ட எண்ணத்தில் வருவதில்லை, அக்கறையில்தான் வருகிறது. இளைஞர் நீதிச் சட்டத்தில் ஜாமீன் பற்றிய 12ஆவது பிரிவு, ஜாமீனில் விடக்கூடிய குற்றமோ இல்லையோ, பிள்ளையை விடுவிப்பதைத்தான் பொது விதியாக வைத்திருக்கிறது. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்வான், உடலுக்கோ மனதுக்கோ ஆபத்து வரும், நீதிக்குக் குந்தகம் வரும் என்று நம்பக் காரணம் இருந்தால் மட்டும் மறுக்கலாம். அந்தக் காரணத்துக்கு உங்கள் வீட்டில் இடமில்லை என்று காட்ட வேண்டும். ஆட்டிசம் என்று சொல்கிற அதே மூச்சில், யார் எந்த நேரம் அவனோடு இருப்பார்கள், எந்த மருத்துவமனையில் அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கிறீர்கள், பகலில் என்ன செய்வான் என்று ஒரு திட்டத்தையும் வையுங்கள். சான்று மட்டும் போனால் பரிதாபம் வரும். திட்டத்தோடு போனால் நம்பிக்கை வரும்.

சான்று பழையது என்பதால் புதிதாக ஒன்று எடுக்க முயலுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவிலோ, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்திலோ கேளுங்கள். இந்த மையங்கள் 18 வயது வரை பார்க்கும். சென்னைப் பக்கம் வர முடிந்தால் முட்டுக்காட்டில் உள்ள தேசியப் பன்முக மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யு.டி.ஐ.டி.க்கும் விண்ணப்பித்துவிடுங்கள். மூன்று வாரத்தில் எல்லாம் கைக்கு வராது. விண்ணப்ப ரசீதும் பழைய சான்றும் இப்போதைக்குப் போதும். முன்பு சாப்பிட்ட மாத்திரை வீட்டில் மிச்சம் இருந்தால் நீங்களாகத் தொடங்க வேண்டாம், டாக்டர் மறுபடி பார்த்துத்தான் எழுத வேண்டும்.

அப்புறம், ‘ஒப்புக்கொண்டால் அன்றைக்கே முடிந்துவிடும்’ என்ற பேச்சு. விசாரணைக்குக் காத்திருக்கும் வராண்டாவில் இதை யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார். நல்லெண்ணத்தில்தான் சொல்வார். எச்சரித்து அனுப்புவது, குழு ஆலோசனை, சமூக சேவை என்று குழுமம் தரக்கூடிய உத்தரவுகள் பலவும் மென்மையானவை என்பதும் உண்மை. ஆனாலும் உங்கள் மகன் விஷயத்தில் இதற்கு நான் மிகவும் எதிரானவள். எதைக் கேட்டாலும் ஆமாம் என்கிற பிள்ளையின் இன்னொரு ஆமாமை வாங்கி வழக்கை முடிப்பது அவனுக்கு என்ன கற்றுக்கொடுக்கும்? அடுத்த முறை வேறு யாரோ செய்த பெரிய காரியத்துக்கும் அவன் ஆமாம் என்பான். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையிடம் குற்ற நோக்கம் இல்லை என்ற அனுமானத்தோடுதான் இந்தச் சட்டமே தொடங்குகிறது. பைக் யாருடையது என்று அவனுக்குத் தெரியுமா, திருடுகிறார்கள் என்று புரிந்ததா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் அவனிடமிருந்து சரியான முறையில் வர வேண்டும். அதன் பிறகு என்ன சொல்வது என்பதை வழக்கறிஞரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், வராண்டாவில் நின்றுகொண்டு வேண்டாம்.

ஒருவேளை தெரிந்தே செய்திருந்தால்? அப்போதும் நான் சொன்ன எதுவும் மாறாது. அவன் செய்ததற்கு அவன் பொறுப்பேற்க வேண்டும். அந்த பைக்கின் சொந்தக்காரர் மறுநாள் எப்படி வேலைக்குப் போயிருப்பார் என்று அவனுக்குப் புரியும்படி உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு நியாய அநியாயம் மிக ஆழமாகப் படும், சொல்கிற விதத்தில் சொன்னால்.

வழக்கறிஞர் இல்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது இலவச சட்ட உதவி எண் 15100-க்குப் பேசுங்கள். குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தர வேண்டும் என்பது சட்டம். அவர் விசாரணைக்கு முன்பே ஒருமுறை உங்கள் மகனை நேரில் பார்க்க வேண்டும் என்று விடாமல் கேளுங்கள். அந்தச் சந்திப்பில் நீங்கள் அவரிடம் சொல்ல வேண்டியவை சில இருக்கின்றன.

ஸ்டேஷனில் கையெழுத்து வாங்கியது. பிள்ளையிடம் எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து வாங்கக் கூடாது, குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மாதிரி விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. விசாரிக்கும்போது பெற்றோர் உடனிருக்கலாம், போலீஸ் சீருடையில் இருக்கக் கூடாது, லாக்கப்பில் வைக்கவே கூடாது. பைக் திருட்டு மட்டும்தான் என்றால், அதிகபட்ச தண்டனை மூன்று ஆண்டு என்பதால், சட்டத்தின் கணக்கில் அது சிறு குற்றம். சிறு குற்றத்துக்குப் பொதுவாகச் சிறார் மேல் எஃப்.ஐ.ஆர். போடுவதில்லை. பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகச் சொல்வதால் இங்கே போட்டிருக்கலாம். ஆனால் சிறு குற்றத்துக்குப் பிள்ளையைப் பிடித்து வைப்பதே, அவன் நலனுக்குத் தேவை என்றால்தான். எந்தப் பிரிவுகள் போட்டிருக்கிறார்கள் என்று வழக்கறிஞர் பார்க்கட்டும். அந்த இரண்டு பேரின் வழக்கோடு உங்கள் மகனைச் சேர்த்து விசாரிக்க முடியாது. சிறு குற்ற விசாரணையை நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும், மேற்கொண்டு இரண்டு மாதம் நீட்டிக்கலாம். அதற்குள்ளும் முடியாவிட்டால் விசாரணையே முடிவுக்கு வந்துவிடும். இந்தத் தேதியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

‘பதினாறு ஆகிவிட்டதே, பெரியவர் போல நடத்துவார்களா’ என்ற பயம் உங்களுக்கு வேண்டாம். அது குறைந்தபட்ச தண்டனையே ஏழு ஆண்டும் அதற்கு மேலும் உள்ள கொடுங்குற்றங்களுக்குத்தான். அப்படிப்பட்ட வழக்கில் பிள்ளை மாட்டியிருக்கும் வேறு பெற்றோர் இதைப் படித்தால், ஒரு வரி. பிள்ளையைப் பெரியவர் போல விசாரிக்கலாமா என்று பார்க்கும் முதல்நிலை மதிப்பீட்டின்போது, குழுமத்தில் குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்தவர் இல்லாவிட்டால், நிபுணரின் உதவியைப் பெற்றே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த மதிப்பீட்டில் ஆட்டிசம் பற்றி எழுத்தில் எதுவும் இல்லாமல் போக விட்டுவிடாதீர்கள்.

அடி விழுந்தது பற்றி. காயம் இன்னும் இருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போய் ஏ.ஆர். (காயத்தைப் பதிவு செய்யும் விபத்துப் பதிவேடு) போடச் சொல்லுங்கள், போட்டோ எடுத்து வையுங்கள். காயம் ஆறியிருந்தாலும் வழக்கறிஞர் வழியாகக் குழுமத்திடம் சொல்லலாம். தமிழ்நாடு குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கும் எழுதலாம். கூர்நோக்கு இல்லத்தில் அந்த இரண்டு இரவு என்ன நடந்தது என்பதையும் மெதுவாகத் தெரிந்துகொள்ளுங்கள். 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுப் பிள்ளை ஒருவன் தாக்கப்பட்டு இறந்தான், ஊழியர்கள் கைதானார்கள். அதற்குப் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக வைத்து இல்லங்களின் நிலையை ஆராய அரசு ஏற்பாடு செய்தது. எல்லா இல்லமும் அப்படி இல்லை, பிள்ளைகளுக்காக உயிரைக் கொடுத்து வேலை பார்க்கும் ஊழியர்களை எனக்குத் தெரியும். ஆனால் சிரிப்பதற்காக அடி வாங்கும் பிள்ளை எங்கே போனாலும் அடி வாங்கும் அபாயத்தில் இருக்கிறான். அதை மறந்துவிடக் கூடாது.

கேட்கும்போது இன்னொரு போலீஸ் விசாரணையாக ஆக்கிவிடாதீர்கள். கட்டம் போட்டு வரையச் சொல்லுங்கள்: எங்கே படுத்தான், யார் பக்கத்தில், என்ன சாப்பிட்டான். ஒரு நாளைக்கு ஒரு கட்டம் போதும். வந்ததிலிருந்து தயிர் சாதம் மட்டும்தான் இறங்குகிறது, குளியலறையிலேயே உட்கார்ந்திருக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வீட்டில் தாழ் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரே இடம் அதுதானே? தயிர் சாதமே கொடுங்கள். ஒரு மூலையில் போர்வையால் மறைப்புக் கட்டி, அது அவன் இடம், கேட்காமல் யாரும் வரமாட்டோம் என்று சொல்லுங்கள். தூக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் சரியாகாவிட்டால், அல்லது தன்னைத் தானே அடித்துக்கொள்ள ஆரம்பித்தால், காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். இரவில் அவசரமாகப் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் 14416.

நன்னடத்தை அலுவலரின் வருகையை நீங்கள் பயத்தோடு எதிர்பார்க்கிறீர்கள். நானோ இந்த மொத்த வழக்கிலும் உங்களுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய வாய்ப்பாக அதைப் பார்க்கிறேன். அவர் எழுதும் சமூக விசாரணை அறிக்கையைத்தான் குழுமம் முதலில் புரட்டிப் பார்க்கும். பிள்ளைக்கு மாற்றுத்திறன் ஏதும் உண்டா என்று கேட்கும் இடம் அந்தப் படிவத்திலேயே இருக்கிறது. ‘இல்லை’ என்று அது நிரம்பிவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில். வீட்டைத் துடைத்து வைப்பதைவிட முக்கியம், பழைய சான்று, ஸ்கூல் ரிப்போர்ட், தெரபி நோட்டு எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வைப்பது. கணவரும் அன்று வீட்டில் இருக்கட்டும். ‘எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்று சமாளிக்க வேண்டாம். எது கஷ்டம், அதற்கு என்ன செய்கிறோம் என்று சொல்லுங்கள். அவனை உட்காரவைத்து அலுவலர் பேசும்போது நடுவில் நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள். அவன் யோசிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை அவர் நேரில் பார்ப்பது நல்லது.

விசாரணை நாள். குழுமம் கோர்ட் வளாகத்தில் உட்காராது, பெரும்பாலும் கூர்நோக்கு இல்ல வளாகத்திலோ அதன் பக்கத்திலோ இருக்கும். உங்கள் மகனுக்கு இது சிக்கல். அந்த கேட்டைப் பார்த்ததுமே ‘திரும்ப உள்ளே போடப்போகிறார்கள்’ என்று நினைப்பான். முடிந்தால் முன்கூட்டியே ஒரு நாள் வெளியிலிருந்து காட்டிவிட்டு வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுங்கள். உள்ளே கூண்டு கிடையாது, உயர்ந்த மேடையும் கிடையாது, ஒரு நீதித்துறை நடுவரும் (மாஜிஸ்திரேட்) இரண்டு சமூகப் பணி உறுப்பினர்களும் எதிரே உட்கார்ந்து பேசுவார்கள் என்பதைப் படம் வரைந்து சொல்லுங்கள். அன்றைய வரிசையைத் தாளில் எழுதிக் கொடுங்கள்: பஸ், காத்திருப்பது, உள்ளே போவது, வெளியே வருவது, வீடு. ‘உடனே முடிந்துவிடும்’ என்று மட்டும் சொல்லாதீர்கள், மத்தியானம் வரை ஆகலாம். சீக்கிரம் கூப்பிடும்படியும் அதுவரை வெளியே மரத்தடியில் இருக்க அனுமதிக்கும்படியும் வழக்கறிஞர் மூலம் கேளுங்கள். அவனுக்கு ஒரு வாக்கியத்தை மட்டும் பழக்குங்கள்: “எனக்குப் புரியலை, திரும்பச் சொல்லுங்க.” தினமும் இரண்டு தடவை, சாப்பாட்டு நேரத்தில், விளையாட்டாக. பதில்களைப் பழக்காதீர்கள். மனப்பாடம் செய்தது வெளியே தெரியும், அவனுக்கே அது பாதகமாகும்.

குழுமம் ஏதாவது நிபந்தனை போட்டால், வாரம் ஒருமுறை வந்து கையெழுத்துப் போடு என்பது மாதிரி, அதைக் காலண்டரில் பெரிதாக எழுதி, அலாரம் வைத்து, கூடவே ஒருவர் போய் வாருங்கள். ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைக்கு அடுத்த வியாழன் என்பது கைக்கு எட்டாத தூரம். அவன் மறந்ததை ‘உத்தரவை மீறினான்’ என்றுதான் எழுதுவார்கள். குழு ஆலோசனைக்கு உத்தரவானால், கூட்டத்தில் அவனுக்குச் சரிவராது, தனியாகத் தரும்படி கேளுங்கள்.

இதெல்லாம் உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த கஷ்டம் என்று நினைக்காதீர்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் பாங்க்சியா ஹில் சிறார் காவல் மையத்தில் 99 பேரைப் பரிசோதித்த ஆய்வு 2018-இல் வெளியானது. அவர்களில் 89 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு வகையிலாவது கடுமையான நரம்பு வளர்ச்சிக் குறைபாடு இருந்தது. பலருக்கு அதுவரை யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை. ஐ.நா. குழந்தைகள் உரிமைக் குழு 2019-இல் வெளியிட்ட 24ஆவது பொதுக் கருத்துரை, ஆட்டிசம் போன்ற நரம்பு வளர்ச்சி வேறுபாடு உள்ள பிள்ளைகளைக் குற்ற நீதி முறைக்குள் கொண்டுவரவே கூடாது என்கிறது. அப்படித் தானாக விலக்கப்படாவிட்டால் ஒவ்வொருவரையும் தனித்தனியாக மதிப்பிட வேண்டும் என்கிறது. அந்தக் குழு கண்காணிக்கும் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992-இலேயே இணைந்த நாடு. வழக்கறிஞரிடம் இதையும் சொல்லிவையுங்கள்.

அந்த இரண்டு பேரை அவன் இன்னும் ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்கிறான், போனில் மெசேஜ் அனுப்புகிறான் என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். இதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துவிட்டது. பள்ளி நின்ற பிறகு அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் அவர்கள்தான். திட்டிப் பயனில்லை. ‘கெட்ட சகவாசம்’ என்பது அவனுக்குப் புரியாது, எது கெட்டது என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். விதியாகவே கொடுங்கள்: வண்டியின் சொந்தக்காரர் தன் கையால் சாவி கொடுத்தால்தான் தொடுவேன். ‘வீட்ல சொல்லாதே’ என்று ஒருவர் சொன்னால் அதை முதலில் வீட்டில் சொல்வேன். கேஸ் முடியும் வரை இந்த இரண்டு நம்பருக்கும் பேசக் கூடாது என்பதை வழக்கறிஞர் வாயால் சொல்லவைத்தால் இன்னும் நன்றாகப் பிடித்துக்கொள்வான். ஆனால் அவர்களை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டால் திரும்பவும் அங்கேதான் போவான். அவனுக்கு பைக் என்றால் உயிர் என்கிறீர்கள். தெரிந்த மெக்கானிக் யாராவது, சத்தம் குறைந்த காலை நேரத்தில் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளச் சம்மதிப்பாரா? கூடவே பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராகவோ தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ எழுதுவது பற்றி விசாரியுங்கள். எதிர்காலம் போய்விட்டதே என்று கணவர் கலங்கினால், இந்தச் சட்டத்தின் 24ஆவது பிரிவைச் சொல்லுங்கள். குற்றம் நிரூபணமானாலும் அதனால் வேலைக்கோ படிப்புக்கோ எந்தத் தகுதியிழப்பும் வராது, உரிய காலம் கழிந்ததும் பதிவுகளை அழிக்க வேண்டும்.

பாட்டி வீட்டைப் பற்றி. இப்போது வேண்டாம் என்பேன். புது ஊர், புது வாசனை, புதுச் சத்தம் எல்லாவற்றையும் இந்த நேரத்தில் அவன் மேல் ஏற்ற வேண்டாம். நன்னடத்தை அலுவலர் வரும்போது அவன் வீட்டில் இல்லாவிட்டால் ‘தலைமறைவு’ என்ற சந்தேகமும் வரும். பாட்டியை உங்கள் வீட்டுக்கு வரவழைக்க முடிந்தால் மிகவும் நல்லது, நீங்கள் கம்பெனிக்குப் போகும் நேரத்தில் அவனோடு ஒருவர் இருக்கிறார் என்று திட்டத்தில் எழுதலாம். எந்தக் காரணத்துக்காக அவனை வெளியூர் கூட்டிப்போனாலும் முதலில் நன்னடத்தை அலுவலரிடம் எழுதிக் கொடுத்து, போகும் முகவரியையும் திரும்பும் தேதியையும் அதில் குறிப்பிட்டு, ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.